கம்பு கைமாறிய காலம்

கேமரன் மலைத் தேயிலைக்கு வயது அதிகமில்லை. ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கைத் தேயிலையில் ஊறிய ஏ. பி. மில்னைச் சேர்த்துக்கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கியது 1929-ல். பாரத் தோட்டம் வந்தது 1933-ல். தோட்டம் புதிது, ஆட்சி பழையது. துரை, கிராணி, கங்காணி என்ற அடுக்கு கீழ்நாட்டு ரப்பர் காட்டில் எப்படியோ, மலையிலும் அப்படித்தான். ஆள் கூட்டி வந்த கங்காணியே கடன் கொடுத்தவர், அவரே வேலை வாங்கியவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசை கட்டி நின்று, பேர் கூப்பிட்டதும் குரல் கொடுக்காதவனுக்கு அன்றைய கூலி போச்சு. துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொல்லியும்தான் 1941-ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலாகக் கிடைத்தது துப்பாக்கிச்சூடு. ஐந்து பேர் செத்தார்கள், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

ஓராண்டுக்குள் ஜப்பானியர் படையெடுத்துவர, அந்தத் துரைமார் ஓடினார்கள். ஜப்பானியர் ஆட்சியில் அரிசி போனது, துணி போனது. சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்களில் பெருந்தொகையினர் திரும்பவே இல்லை. தோட்டத் தமிழனுக்கு ஓர் உலகம் அழிந்தது என்றால் அது மிகையல்ல. அதே ஆண்டுகளில்தான் இந்திய தேசிய ராணுவம் அவனுக்கு அணிவகுப்பைக் கற்றுக்கொடுத்தது. நிற்பது பெரட்டு வரிசைபோலத்தான். நிற்பதன் காரணம் வேறு. 1945-ல் வெள்ளையர் திரும்பியபோது பழைய பயம் திரும்பவில்லை. 1946-ல் கெடா மாநிலம் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படைக்கு வேர் இதுதான் என்பது என் கணிப்பு. சீருடை, கம்பு, அணிவகுப்பு எல்லாம் இருந்தன. முதல் எதிரி கள்ளுக்கடை.

இந்தப் படை வெறும் அடாவடிக் கூட்டம் என்றது அன்றைய அதிகாரம். முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. குடித்தவர்களைப் படையினர் தண்டித்தார்கள், அடியும் விழுந்தது. கங்காணியிடம் கற்ற கொடுமை அவ்வளவு எளிதில் கையைவிட்டுப் போகுமா? ஆனால் கூலியை அன்றன்றே உறிஞ்சிய கள்ளுக்கடை சட்டப்படி நடந்தது, அதன் முன் மறியல் செய்தவன் குற்றவாளியானான் என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். கெடாவின் கதை கேமரனுக்கு எதற்கு என்றும் கேட்கலாம். பயிர் வேறு, குளிர் வேறு; லய வாழ்க்கை ஒன்றே. கொழுந்துக் கூடைப் படத்தோடு மலையின் வரலாற்றை முடித்துக்கொள்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

சாமியின் படை திருந்தி முடிக்க அவகாசம் கிடைக்கவில்லை. 1947 தொடக்கத்தில் பீடோங் பகுதியில் போலீசுடன் நடந்த மோதலில் தொழிலாளி ஒருவர் இறந்தார். புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் பலர் கைதாகிச் சிறை சென்றார்கள். 1948 ஜூனில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. மிரட்டல் போன்ற குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர் எவரும் அதன்பின் சங்கப் பொறுப்பில் அமர முடியாது என்றானது.