மன்றத்தில் ஒரு வினா

சிங்கப்பூரில் 1968 முதல் 1980 வரை நடந்த நான்கு பொதுத் தேர்தல்களிலும் மக்கள் செயல் கட்சியே எல்லா இடங்களையும் வென்றது. 1981 அக்டோபர் 31இல் நடந்த ஆன்சன் இடைத்தேர்தல் அந்நிலையை மாற்றிற்று. யாழ்ப்பாணத்தில் பிறந்த வழக்கறிஞர் ஜே. பி. ஜெயரத்தினம் 653 வாக்குகள் மிகுதியாகப் பெற்று, ஒரே எதிர்க்கட்சி உறுப்பினராய் நாடாளுமன்றம் புகுந்தார்.

மூத்த மாவட்ட நீதிபதி ஒருவரின் இடமாற்றத்தில் அரசின் தலையீடு உண்டோ என்று 1986இல் அவர் மன்றத்தில் ஐயம் எழுப்பினார். அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. தலையீடு இல்லையென ஆணையம் முடிவு கூறிற்று. அவ்வாண்டே வேறொரு வழக்கின் தண்டனையால் அவர் பதவி இழந்தார். 1988இல் இலண்டன் பிரிவி கவுன்சில், அத்தண்டனையால் அவருக்குப் பேரநீதி நேர்ந்ததெனக் கூறி, வழக்கறிஞர் உரிமையை மீட்டளித்தது. இழந்த பதவி மீளவில்லை.

எனினும், வினா எழுந்ததனாலன்றோ அரசு விடை கூற நேர்ந்தது! மார்சிலிங் அடுக்குமாடிக் குடும்பத்தின் குறையும் அமைச்சரைச் சேர்வது இவ்வழியேயாம்.