பில் இல்லாத லோடு: ஒரு ரத்த செல்லோட குறிப்புச் சீட்டு

நான் ஓசூர்க்காரன். எங்க ஊர்ல வளர்ந்தவங்களுக்கு ஜூஜூவாடி செக்போஸ்ட் கண்டிப்பா ஞாபகம் இருக்கும். 2017 ஜூலையில ஜிஎஸ்டி வர்ற வரைக்கும் அங்க லாரிங்க வரிசை கட்டி நிற்கும். லாரிக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி டிரைவர் கையில இருக்கிற பேப்பரைப் பார்ப்பாங்க. யார் அனுப்புறாங்க, யாருக்குப் போகுது, என்ன சரக்கு, எவ்வளவு? சரக்கு எவ்வளவு உசத்தியா இருந்தாலும் சரி, பில் இல்லன்னா வண்டி ஓரங்கட்டி நிற்கணும்.

இன்னைக்கு எபிசோட் லாரியைப் பத்தி இல்ல. ரத்தத்துல இருக்கிற செல்களைப் பத்தி. ஆனா கேள்வி அதே கேள்விதான்: பில் எங்கே?

சில வருஷம் முன்னாடி பெங்களூர்ல ஒரு ஆய்வகத்துல புராஜெக்ட் அசிஸ்டென்ட்டா இருந்தேன். தினமும் ஓசூர்ல பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டிப் போவேன். ஒருநாள் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்து, "இதுல இருக்கிற டேட்டாவை மறுபடி அலசிப் பாரு"ன்னாங்க. திறந்தா, டியூப் 1, டியூப் 2, டியூப் 2 நியூ. எல்லாமே நோயாளிகளோட ரத்தத்துல இருந்து வந்த ஃப்ளோ சைட்டோமெட்ரி ஃபைல்கள். எந்த டியூப் யாரோடது, எந்தச் சாயம் எதோட ஒட்டியிருக்கு, எது கன்ட்ரோல்? ஒண்ணும் இல்ல. எடுத்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார். அவரோட நோட்டுப்புத்தகமும் கிடைக்கல.

முதல்ல, இந்த மெஷின் என்ன பண்ணுது? செல்களை ஒரு மெல்லிய திரவ ஓட்டத்துல ஒண்ணு பின்னால ஒண்ணா வரிசையில விடும். நம்ம டோல் கேட்ல வண்டி போற மாதிரி. ஒவ்வொரு செல் மேலயும் லேசர் படும். செல் சிதறடிக்கிற ஒளியை வச்சு அதோட அளவும் உள்கட்டமைப்பும் ஓரளவு தெரியும். ஒளிரும் சாயம் பூசின ஆன்டிபாடி எது ஒட்டியிருக்குன்னு பார்த்தா, அது என்ன வகை செல்லுன்னு தெரியும். ஒரு நொடியில ஆயிரக்கணக்கான செல்.

இதோட தொடக்கம் 1950-கள். வாலஸ் கோல்ட்டர் செல்களை எண்ணும் முறைக்கு 1953-ல் காப்புரிமை வாங்கினார். 1965-ல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் மேக் ஃபுல்வைலர், இங்க்ஜெட் துளித் தொழில்நுட்பத்தை எடுத்து, செல்களை அளவு வாரியாகப் பிரிக்கும் கருவியைச் செய்தார். ஸ்டான்ஃபோர்டில் லெனார்ட் ஹெர்ஸன்பெர்க் குழு அதில் ஒளிர்தலைச் சேர்த்தது. 1970-களில் மெஷின் கடைக்கு வந்துவிட்டது.

அப்புறம்தான் தலைவலி. முதல் தலைவலி பெயர். ஒரே மூலக்கூறை ஒரு கம்பெனி ஓகேடி4-னு சொல்லும், இன்னொண்ணு லியூ-3-னு சொல்லும், மூணாவது டி4-னு சொல்லும். 1982-ல் பாரிஸில் ஆய்வாளர்கள் கூடி ஆன்டிபாடிகளை ஒப்பிட்டுப் பொதுப் பெயர் வைக்கத் தொடங்கினாங்க. அப்படி வந்ததுதான் 'சிடி' எண்கள். ஓகேடி4, லியூ-3, டி4 மூணும் ஒரே ஆள்: சிடி4.

ரெண்டாவது தலைவலி ஃபைல். ஒவ்வொரு மெஷினும் தன் பாஷையில எழுதும், இன்னொண்ணுக்குப் படிக்கத் தெரியாது. 1984-ல் எஃப்சிஎஸ் என்ற பொது வடிவம் முன்மொழியப்பட்டது. தலைப்பு, எழுத்துப் பகுதி, அளவீட்டுப் பகுதின்னு ஒரே ஃபைலுக்குள்ள பிரிச்சாங்க. அந்த எழுத்துப் பகுதிதான் பில். எத்தனை செல், எத்தனை அளவீடு, எந்த மெஷின், எந்தத் தேதி. பில் லோடுக்குள்ளேயே ஒட்டியிருக்கும், தனியா தொலையாது.

1990-ல் இரண்டாம் பதிப்பு. தலைப்புல ஒவ்வொரு இடக்குறிப்புக்கும் எட்டு இலக்கம்தான் ஒதுக்கியிருந்தாங்க. அதனால பத்து கோடி பைட்டைத் தொட்டா ஃபைலுக்கு இடம் போதாது. டேட்டா பெருகவும் 1997-ல் மூன்றாம் பதிப்புல அந்த வேலியைப் பிரிச்சாங்க. 2010-ல் வந்த 3.1, ஒரு சாயத்தோட ஒளி இன்னொரு சாயத்தோட கட்டத்துல கசியறதைச் சரிசெய்யும் கணக்கை எழுதிவைக்க நல்ல வழி கொடுத்தது. உலக மொழி எழுத்துகளுக்கான வசதியும் மேம்பட்டது. மாதிரியோட பெயரைத் தமிழிலேயே எழுதலாம்!

ஆனா என் டியூப் 2 நியூ? அதுவும் முறையான எஃப்சிஎஸ் ஃபைல்தான். தேதி இருந்தது, மெஷின் பெயர் இருந்தது. மெஷினுக்குத் தெரிஞ்சதை மெஷின் எழுதிடுச்சு. மனுஷனுக்கு மட்டுமே தெரிஞ்சதை மனுஷன் எழுதல.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2008-ல் எம்ஐஃப்ளோசைட் வந்தது. ஒரு சோதனையைப் பத்திக் குறைந்தபட்சம் என்னென்ன சொல்லணும்னு ஒரு பட்டியல். சோதனை எதுக்காக, மாதிரியும் சாயங்களும் என்ன, கருவி எப்படி அமைச்சது, அப்புறம் அலசினது எப்படி. கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். ஏன்னா திரையில தெரியும் புள்ளிக் கூட்டத்தைச் சுத்தி 'கேட்' போடறது, அதாவது "இதெல்லாம் நம்ம செல், மத்தது வேண்டாம்"னு எல்லைக்கோடு வரையறது, பெரும்பாலும் ஆள்தான். கோடு கொஞ்சம் நகர்ந்தா எண் மாறும்.

"எண் கொஞ்சம் மாறினா என்ன?"ன்னு கேட்கலாம். சென்னைக்கு வாங்க.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டுபிடித்தாங்க. எச்ஐவி தாக்குவது அதே சிடி4 செல்களை. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவச ஏஆர்டி மருந்தைத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. அப்போ, நோய் அறிகுறி பெரிசா இல்லாதவங்களுக்கு மருந்து தொடங்கறதை முடிவு பண்ணின கோடு, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு 200 சிடி4 செல்.

இப்ப யோசிங்க. சிடி4 எண்ணிக்கை காலையில குறைவா இருக்கும், மாலையில ஏறும். ரத்தம் எடுத்து ரொம்ப நேரம் ஆனா அளவீடு கெடும். சிடி4 சதவீதத்தை ஒரு மெஷின்லயும், மொத்த லிம்ஃபோசைட் எண்ணிக்கையை இன்னொரு மெஷின்லயும் எடுத்துப் பெருக்கினா ஒரு விடை. எண்ணிக்கை தெரிஞ்ச மணிகளைச் சேர்த்து ஒரே மெஷின்ல எடுத்தா இன்னொரு விடை. ஒரே ஆள், ஒரே கை. ஒரு சீட்டுல 190, இன்னொண்ணுல 215 வரலாம். அதனாலதான் டியூப் மேல எழுதற ரத்தம் எடுத்த நேரமும், ஃபார்ம்ல எழுதற முறையும் சடங்கு இல்ல. பிறகு அந்தக் கோடு 350 ஆச்சு. 2017-ல், தொற்று உறுதியான எல்லாருக்கும் எண் பார்க்காம மருந்துன்னு ஆச்சு. ஆனா அதுவரைக்கும் அந்த எண்ணுக்காகக் காத்திருந்தவங்க ஏராளம்.

எங்க அப்பா சிப்காட்ல ஒரு மெஷின் ஷாப்ல வேலை பார்த்தவர். ஹார்ட் டிஸ்க் கதையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்ல. "ஜாப் கார்டு இல்லாத பீஸை நாங்க அளந்துகூடப் பார்க்க மாட்டோம்டா. அளக்கிற வெர்னியர்லயே கேலிபரேஷன் ஸ்டிக்கர் இருக்கணும்"னார். வண்டிக்குப் போற ஒரு ஷாஃப்டுக்கு எங்க ஊர்ல கொடுக்கிற மரியாதையை, ஒரு மனுஷன் கையை நீட்டிக் கொடுத்த ரத்தத்துக்கு நாங்க கொடுக்கல.

அந்த ஃபைல்கள்ல பெரும்பகுதியை எங்களால பயன்படுத்த முடியல. டேட்டா கெடல, இன்னும் திறக்குது, புள்ளிகள் அழகா தெரியுது. யாரோடதுன்னு மட்டும் தெரியாது. அந்த நோயாளிங்ககிட்ட திரும்பப் போய் அதே நாளோட ரத்தத்தை இன்னொரு தடவை கேட்க முடியாது.

ஒண்ணு ஒத்துக்கணும். அந்த வாரம் என் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். 'சாம்பிள் ஃபைனல் 2'. என்னோடதுதான். அன்னைக்கு ராத்திரி கடைசி பஸ்ஸை விட்டுட்டு, உட்கார்ந்து, ஞாபகம் இருந்த வரைக்கும் எல்லாத்துக்கும் பில் எழுதினேன்.

நீங்க ஆய்வகத்துல இருந்தாலும் சரி, ஆபீஸ்ல எக்செல் ஷீட்டோட இருந்தாலும் சரி, இன்னைக்கு ஒரு ஃபைலைத் திறந்து பாருங்க. நீங்க நாளைக்கு வேலையை விட்டுப் போயிட்டா, அது செக்போஸ்ட்டைத் தாண்டுமா?