செல்லாத வாக்கு இயக்கம் (மலேசியா)

14ஆவது பொதுத்தேர்தலுக்கு முன், 2018 ஜனவரியில் இளைஞர் சிலர் எழுப்பிய குரல். மலாயில் 'உண்டி ரோசாக்'. எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தான் ஹரப்பான் முன்னாள் பிரதமர் மகாதீரைப் பிரதமர் வேட்பாளராக அறிவித்ததும், அதையும் ஆளும் கூட்டணியையும் ஏற்காதோர் வாக்குச்சீட்டைக் கெடுத்துப் போடலாம் என்றனர். இந்தியாவின் 'நோட்டா' (எவருக்கும் வாக்கில்லை) போன்ற கட்டம் மலேசியச் சீட்டில் இல்லை. கோபம் நியாயமானது, வழிதான் பயனற்றது. கெடுத்த சீட்டு எந்த வேட்பாளர் கணக்கிலும் சேராது.

செல்லும் வாக்கு முடிவை மாற்றும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. மலேசிய இந்தியர் உரிமை கோரிய ஹிண்ட்ராப் பேரணிக்குப் பின் வந்த 2008 மார்ச் 8 தேர்தலில் கிள்ளான் தொகுதி எதிரணி கைக்குப் போனது. கிள்ளான் பள்ளத்தாக்கை ஒட்டிய உலு சிலாங்கூரில் ஆளும் கூட்டணியில் இருந்த மஇகாவின் (மலேசிய இந்தியக் காங்கிரஸ்) ஜி. பழனிவேல் தோற்றது வெறும் 198 வாக்கில். ஒரு தோட்டத்திலேயே அதைவிட அதிக வாக்காளர் இருக்கலாம்.

2018 மே 9 அன்று 82 விழுக்காட்டினர் வாக்களித்தனர். சுதந்திரத்திலிருந்து தொடர்ந்த ஆட்சி முதன்முறையாக மாறியது.