மூன்று சீட்டு போக்கர்

மூன்று சீட்டு போக்கர், கசினோ மேசைகளில் ஆடப்படும் சீட்டாட்டம். வழக்கமான போக்கரில் ஆட்டக்காரர்கள் ஒருவர் பணத்தை ஒருவர் பிடிக்கப் பார்ப்பார்கள். இங்கே மேசையைச் சுற்றி எத்தனை பேர் உட்கார்ந்தாலும் ஒவ்வொருவருக்கும் எதிராளி, கசினோ சார்பில் சீட்டுப் போடும் டீலர்தான். அந்த வகையில் நம் மங்காத்தாவுக்கு உறவு. திருவிழாக் கூட்டத்தில் ஏமாற்றுக்காரர்கள் விரிக்கும் ‘மூணு சீட்டு’ வேறு. பிரிட்டனைச் சேர்ந்த டெரெக் வெப் 1994-இல் மூன்று சீட்டு போக்கரை உருவாக்கினார். பிற்காலத்தில் அவரே அந்நாட்டின் சூதாட்ட இயந்திரங்களுக்கு எதிராக இயக்கம் நடத்தினார் என்பது வேடிக்கை.

முதலில் ‘ஆன்ட்டே’ என்ற பந்தயம் வைக்க வேண்டும். ஆட்டக்காரருக்கும் டீலருக்கும் மும்மூன்று சீட்டு விழும். தன் கையைப் பார்த்தபின் ஆட்டக்காரர் ஆன்ட்டேயை விட்டுவிட்டு விலகலாம், அல்லது அதே அளவு தொகையை இன்னொரு முறை வைத்துத் தொடரலாம். டீலரிடம் ராணியோ அதற்கு மேலோ இல்லையென்றால் ஆன்ட்டேக்கு மட்டும் சம பணம் கிடைக்கும். இரண்டாவது தொகை அப்படியே திரும்பும். நூற்றுக்கு முப்பது ஆட்டம் இப்படித்தான் முடியும். நல்ல கை வந்தும், இரண்டு தொகைக்கும் கிடைத்திருக்கக்கூடிய வரவில் பாதியோடு நிற்க வேண்டியதாகிறது.

நம் நாட்டு மூன்று சீட்டு ஆட்டமான தீன் பத்தி ஆடிப் பழகியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அங்கே மூன்று ஏஸ் போல ஒரே எண் மூன்றும் சேர்ந்த கைதான் உச்சம். இங்கே ஒரே இனச் சீக்வென்ஸ் அதை வெல்லும். மொத்தமுள்ள 22,100 கைகளில் ஒரே எண் மூன்று 52 வகையில் வரும், ஒரே இனச் சீக்வென்ஸோ 48 வகையில்தான், அரியது மேலே. அடுத்து சாதாரண சீக்வென்ஸ் 720, ஒரே இனம் 1,096, ஜோடி 3,744. மீதி 16,440 கைகளும் வெறும் கைகள்.

கற்க வேண்டிய உத்தி ஒரு வரியில் அடங்கும்: ராணி-6-4 அல்லது அதற்கு மேல் இருந்தால் தொடர வேண்டும், கீழே இருந்தால் விலக வேண்டும். இதைப் பிசகாமல் கடைப்பிடித்தாலும், சீக்வென்ஸ் முதலான கைகளுக்கு 1, 4, 5 மடங்கு போனஸ் தரும் மேசையில், ஆன்ட்டே 1,000 ரூபாய்க்குச் சராசரியாக 34 ரூபாய் கசினோவுக்குப் போகும்.

‘பேர் பிளஸ்’ என்ற பக்கப் பந்தயத்தில் டீலரின் கை கணக்கில் வராது. ஜோடியோ அதற்கு மேலோ வந்தால் பணம். இங்கே மேசையில் அச்சிட்டிருக்கும் பட்டியலைப் படிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். உச்சக் கையிலிருந்து ஜோடி வரை வரிசையாக 40, 30, 6, 4, 1 மடங்கு தரும் மேசையில் கசினோவின் பங்கு 2.3 சதவீதம். ஒரே இனத்துக்கு மட்டும் 4-க்குப் பதில் 3 என்று மாற்றினால் அது 7.3 ஆகிவிடும்.

இந்தியாவில் கசினோ மேசையாட்டங்களுக்குப் பெயர்பெற்ற இடம் கோவா. அங்கே 1976-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தில் 1992-இல் செய்த திருத்தம் நட்சத்திர விடுதிகளில் இயந்திரங்களையும், 1996-இன் திருத்தம் கப்பல்களில் மேசையாட்டங்களையும் அனுமதித்தது. பணஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்கள் அப்படி வந்தவை. தமிழ்நாட்டில், கெங்குவார்பட்டி போன்ற சிறிய ஊரானாலும் சென்னையானாலும், கசினோவுக்கு இடமில்லை. சூதாட்ட விடுதி நடத்துவதைச் சென்னையில் 1888-ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டமும், மற்ற இடங்களில் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும் குற்றமாக்குகின்றன. கைபேசியில் பணம் கட்டி ஆடும் வழியையும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடைசெய்தது.