போர்க்காலத்து மூன்று மன்றங்கள்

வாளையாற்றுக் கணவாயிலிருந்து தேவிகுளம், பீர்மேடு வரை நீளும் மலையோரத்தை இன்று ஒரே மாநிலத்தின் கிழக்கெல்லையாக நிலப்படம் காட்டுகின்றது. இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்த 1939 முதல் 1945 வரையிலான ஆண்டுகளிலோ, இம்மலையோரம் மூன்று அரசுகளின்கீழ்ப் பிரிந்து கிடந்தது. பாலக்காடு, சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதனையடுத்த சித்தூர், கொச்சி மன்னரின் ஆட்சிக்குட்பட்டது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூருக்குரியவை. மூன்றிடத்தும் தமிழ் மக்கள் வாழ்ந்தனர். மூன்று அரசுகளுக்கும் சட்டமன்றம் இருந்தது. போர் சூழ்ந்த நாளில் அம்மன்றங்கள் மக்களுக்கு எவ்வளவு துணைநின்றன என்பதை ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, சென்னை மாகாணம். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் சட்டமன்றத்தின் 215 இடங்களுள் 159 இடங்களைக் காங்கிரஸ் வென்றது. இராசாசி தலைமையில் அமைச்சரவை அமைந்தது. 1939 செப்டம்பரில், இந்தியத் தலைவர்களைக் கலந்து கொள்ளாமலேயே இந்தியாவும் போரில் இறங்கியதாக வைசிராய் அறிவித்தார். அதனைக் கண்டித்து அக்டோபர் இறுதியில் அமைச்சரவை பதவி துறந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் 93ஆம் பிரிவின்படி ஆளுநர் ஆட்சி ஏற்பட்டது. 1946 ஏப்ரலில் பிரகாசம் அமைச்சரவை பொறுப்பேற்கும் வரை ஆறாண்டுகளுக்கு மேலாகப் பாலக்காட்டு மக்களுக்குப் பொறுப்புள்ள அமைச்சர் ஒருவரும் இலர்.

இரண்டாவது, கொச்சி. கோவையிற் பிறந்த தமிழரும், பின்னாளில் விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சராக விளங்கியவருமான ஆர். கே. சண்முகம் செட்டியார் 1935 முதல் 1941 வரை அங்குத் திவானாக இருந்தார். அவர் காலத்தில், 1938இல், சில துறைகள் மன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டன. நிதி, காவல் போன்ற தலையாய துறைகள் திவானிடமே நின்றன. எனினும் போரின் நடுவே, 1942இல், மன்றத்தின் நம்பிக்கையை இழந்த அமைச்சர் டாக்டர் ஏ. ஆர். மேனன் பதவி விலகினார். அரைகுறைப் பொறுப்பாட்சியே ஆயினும், அமைச்சரைக் கேள்வி கேட்கும் உரிமை அங்கு உயிரோடிருந்தது என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, திருவிதாங்கூர். ஸ்ரீமூலம் சட்டமன்றம், ஸ்ரீசித்திரா அரசவை என ஈரவைகள் இருந்தும், அதிகாரம் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயரிடமே குவிந்திருந்தது. வாக்குரிமையோ சொத்தையும் வரியையும் அளவுகோலாகக் கொண்டது. தேயிலைத் தோட்டத்தில் நாட்கூலிக்கு உழைத்த தமிழருக்கு அம்மன்றத்தில் என்ன குரல் இருந்திருக்கக்கூடும்?

1942இல் பர்மா சப்பானியர் கைப்பட்டது. பர்மா அரிசியை நம்பியிருந்த கொச்சியிலும் திருவிதாங்கூரிலும் உலை கொதிப்பதே அரிதாயிற்று. பங்கீட்டு முறை வந்தது. அரசுக்கு அரசு நெல் கொண்டு செல்லக் கட்டுப்பாடும் வந்தது. சித்தூரிலிருந்து பாலக்காட்டுச் சந்தைக்கும், மூணாற்றிலிருந்து போடிக்கும் உறவாலும் வாணிகத்தாலும் ஒன்றுபட்டிருந்த மக்களுக்கு, அதுவரை பெயரளவிலிருந்த எல்லை அன்று சோற்றுப் பானைக்குள்ளேயே புகுந்தது.

உணவுப் பஞ்சத்தைத் தணிக்கும் பொருட்டுத் திருவிதாங்கூர் அரசு உயர்மலைக் காடுகளைப் பயிரிடுவோர்க்குத் திறந்துவிட்டது. பசித்தவர்க்கு நிலம் அளித்தது பிழையென்று நாம் கூறோம். ஆயின் சமவெளியிலிருந்து குடியேற்றம் பெருகி, மலையின் தோற்றமும் மக்கள்தொகையும் மாறுதற்கு அது வழிகோலியது. அம்மலையில் வழிவழியாக வாழ்ந்த முதுவர், மன்னான் முதலிய பழங்குடியினரும் தோட்டத் தொழிலாளரும் ஆட்சியில் பங்கு பெறாத காலத்திலேயே அத்துணைப் பெரிய மாற்றம் தொடங்கியது. பின்னர் 1955இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்துடனேயே இருத்தப் பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1இல் எல்லை உறுதியாயிற்று. அதனை மீண்டும் வழக்காடுதல் நம் நோக்கமன்று.

போர்க்காலத்தில் விரைந்த முடிவுகள் வேண்டும் என்பர், அது மெய்யே. ஆனால் விரைவின் பெயரால் மன்றம் மௌனமாகும்போது எடுக்கப்படும் முடிவுகள், போர் ஓய்ந்த பின்னும் ஓய்வதில்லை. அக்காலத்தைக் கண்ட முதியோர் இன்று மிகச் சிலரே. எல்லையூர்த் தமிழர் தம் இல்லங்களிற் கிடக்கும் பழைய பங்கீட்டு அட்டைகளையும் கடிதங்களையும் பேணிக் காப்பாராக. மன்றத்தின் ஏடுகளில் இடம்பெறாத மக்களின் வரலாறு அவற்றிலேயே எஞ்சியிருக்கிறது.