ஆப்பும் கோடரியும்



தச்சன் பாதி பிளந்துவிட்டுச் சென்ற மரத்தில் ஏறியமர்ந்து, ஆப்பைப் பிடுங்கி அகப்பட்டுக்கொண்ட குரங்கின் கதையை நாம் இளமையிற் கேட்டிருக்கிறோம். பஞ்சதந்திரத்தின் முதற் பகுதியில் வருவது அக்கதை. அண்மையில் என் மாணவரிடம் இதனைக் கூறி, "ஆப்பு என்பது யாது?" என வினவினேன். ஒருவருக்கு 'ஆப்பு வைப்பது' என்னும் கேலிப் பேச்சு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆப்பைக் கண்ணாற் கண்டவர் ஒருவரும் இலர். அதுவே இன்றைய பேச்சுக்குக் காரணமாயிற்று.

கல்முனைக் கரையோரத்து ஊர்களிலே தச்சரை 'ஓடாவியார்' என்பர். என் சிறுபராயத்தில் எங்கள் ஒழுங்கையில் ஓர் ஓடாவியார் வாழ்ந்தார். குற்றியைக் கிடத்தியதும் அவர் கருவியைத் தொடமாட்டார். வெட்டுமுகத்தைத் தடவி, இயற்கையான வெடிப்பு எப்பக்கம் ஓடுகிறதென்று பார்ப்பார். "தம்பி, மரத்துக்கு ஒரு வழி இருக்கு, அந்த வழியால போகவேணும்" என்பார். பின்னர் கோடரியால் அவ்வெடிப்பிலே வாயிட்டு, இரும்பு ஆப்பை வைத்து அடிப்பார். பிளவு நீண்டதும் சற்றுத் தள்ளி அடுத்த ஆப்பு. அது இறங்க, முதல் ஆப்பு தானே தளர்ந்து வெளிவரும். பிளவு அகன்றபின் வைரமேறிய மரத்திற் செய்த பெரிய ஆப்புகள் இறங்கும். பிரிய மறுத்து நிற்கும் நார்களை மட்டும் கோடரி வெட்டும்.

இதன் கணக்கு எளிது. 6 அங்குல நீளமும் 1 அங்குலத் தடிப்பும் உள்ள ஆப்பு, உராய்வை நீக்கிப் பார்த்தால், அடிக்கும் விசையை 6 மடங்காக்கிப் பக்கங்களை நோக்கித் தள்ளும். மரம் வீழ்த்தும் கோடரிக்கு மெல்லிய வாயும், பிளக்கும் கோடரிக்குப் பருத்த கன்னமும் இருப்பது இக்காரணம் பற்றியே. முன்னது நாரை வெட்டும். பின்னது நாரைப் பிரிக்கும்.

வாள் நேர்கோட்டிற் செல்வது. நார் வளைந்த இடத்தில் அதனை அறுத்துவிடும். பிளந்த மரத்திலோ நார் அறாமல் நீளும். ஆதலால் கருவிப் பிடிக்கும் வண்டிற் சில்லின் ஆரைக்காலுக்கும் பிளந்த மரமே உறுதி மிக்கது. வட ஐரோப்பியரின் பழங்கப்பல்களும் இதற்குச் சான்று பகரும். 1962இல் டென்மார்க்கின் ரொஸ்கில்ட் கடற்கழியில் அகழ்ந்தெடுத்த கப்பல்களுள் ஒன்று, ஏறத்தாழ 1042இல் டப்லின் நகரருகே, ஓக்கு மரத்தை ஆப்பினாற் பிளந்த பலகைகளால் அமைந்தது.

ஆப்பின் வயதோ வியக்கத்தக்கது. சாம்பியா நாட்டின் கலம்போ அருவியருகே கிடைத்த மரக்கருவிகள் பற்றிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. அவற்றுள் ஓர் ஆப்பும் உண்டு. அது 3,00,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது. நம்மினம் முழுதாய் உருப்பெறுமுன்னரே ஆப்பு தோன்றிவிட்டது போலும்!

இத்துணைப் பழமை வாய்ந்த கருவி நம் பகுதியில் ஒரு நூற்றாண்டுக்குள் ஒதுங்கிவிட்டது. 1949இல் பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது பேரியந்திரங்கள் காட்டினுட் புகுந்தன. பின்னர் மரக்காலைகளில் அரிந்த பலகை எளிதிற் கிடைத்தது. வண்டிலின் இடத்தை உழவு இயந்திரமும், மரத்தோணியின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகும் பெற்றன. கைநோவு குறைந்தது நன்மையே. அதனை நான் குறைகூறேன்.

ஆனால், 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எங்கள் கரையை அழித்தபோது, அவ்வோடாவியாரின் பட்டறையும் போயிற்று. மணலைக் கிளறிய அவர் மகனுக்கு ஓர் இரும்பு ஆப்பு மட்டுமே அகப்பட்டது. அதனை என்னிடம் தந்து, "இதை எப்படிப் பிடிக்கிறதெண்டு வாப்பாவிட்டக் கேட்டு வைக்கல்ல, சேர்" என்றார். துருவேறிய அந்த ஆப்பை வகுப்பில் மாணவர் கையிற் கொடுத்தேன். நான் அறிந்ததைச் சொன்னேன். குற்றியின் வெடிப்பை விரலால் அறியும் வித்தையைச் சொல்லிக் கொடுக்க எனக்கும் இயலவில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டுக் கோடியில் பழைய கோடரியோ ஆப்போ கிடந்தால், அதனைப் பழைய இரும்புக்கு விற்குமுன், கையாண்ட முதியவரை அழைத்து ஒரு குற்றியைப் பிளந்து காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் அருகிருந்து பார்க்கட்டும்.