மலையகத் தமிழும் மெய்யொலிகளின் வருகைமுறையும்

எந்த மொழியிலும் மெய்யொலிகள் யாவும் சொல்லின் எல்லா இடங்களிலும் வருவதில்லை. மொழிக்கு முதலாவன எவை, ஈறாவன எவை, இடையில் எது எதனோடு மயங்கும் என்பனவற்றை ஒவ்வொரு மொழியும் தனக்கென வரையறுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ஙகர ஒலி சொல்லின் இடையிலும் ஈற்றிலும் வரும், முதலில் வாராது. குதிரையைக் குறிக்கும் ‘கோடா’ என்னும் உருதுச் சொல்லின் இடையில் ஒலிக்கும் வருடொலி, அம்மொழியில் எச்சொல்லுக்கும் முதலாவதில்லை. தமிழுக்குரிய வரையறையை மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் எனத் தொல்காப்பியர் வகுத்தமை யாவரும் அறிந்ததே.

இவ்விதிகள் ஏட்டில் மட்டும் வாழ்வனவா? இவ்வினாவுக்கு நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் பேச்சு தெளிவான விடை தருகிறது. 1820களில் கோப்பிப் பயிர்ச்செய்கையோடு தொடங்கி, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதன் பின்னரும் தொடர்ந்து, தமிழகத்திலிருந்து உழைப்பாளர் கொண்டுவரப்பட்டனர். துரைமாரின் ஆங்கிலச் சொற்களை அவர்கள் செவிவழியாகவே பெற்றனர். அச்சொற்கள் அவர்தம் வாயில் அடைந்த மாற்றங்களைக் ‘கொச்சை’ என ஒதுக்கும் மனப்பான்மை கற்றோர் சிலரிடம் இருந்துவந்துள்ளது. மாற்றங்களை ஒவ்வொன்றாக ஆராயின் அது தவறான கணிப்பு என்பது புலனாகும்.

விடியற்காலை ஆட்கணக்கெடுப்பைக் குறித்த ‘பரேட்’ என்னும் சொல் ‘பெரட்டு’ ஆயிற்று. வல்லினமெய் தமிழில் ஈறாகாது. எனவே உகரம் வந்து சேர்ந்தது. தேயிலை ஆலையைக் குறிக்கும் ‘ஸ்டோர்’, ‘இஸ்டோர்’ ஆயிற்று; இரு மெய்கள் சொல்லுக்கு முதலில் நில்லா. ‘கொன்ட்ராக்ட்’ என்பது ‘கொந்தரப்பு’ என மாறியபோது மெய்த்தொடர் உயிரால் பிளவுண்டது. ஈறு, ‘படிப்பு’, ‘வகுப்பு’ போன்ற பெயர்களின் ஈற்றைப் பெற்றது. ‘லைன்’ என்பது ‘லயன்’ எனவும் ‘லயம்’ எனவும் வழங்குகிறது; ‘நிலன் – நிலம்’, ‘அறன் – அறம்’ என்னும் பழைய இணைகள் இங்கு ஒப்புநோக்கத்தக்கன.

உருதுவழிச் சொற்களையும் தமிழ் இவ்வாறே ஏற்றது. ‘ஹாஸிர்’ என்பது ஹகரத்தை இழந்து ‘ஆஜர்’ ஆனதைப் போன்றே ‘ஹட்டன்’ ‘அட்டன்’ ஆயிற்று. ‘நக்ல்’ ‘நகல்’ எனவும், ‘தக்ரார்’ ‘தகராறு’ எனவும் மெய்த்தொடர் நெகிழ்ந்தன. உருது பேசுவோரும் ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என ஒலிப்பர். ‘இஸ்டோர்’ கல்லாமையின் விளைவெனின், உருதுக் கல்விமான் ஒருவரின் ‘இஸ்கூல்’ எதன் விளைவு?

இவ்வகையில் மிகச் சிறந்த சான்று ‘காம்பரா’. போர்த்துக்கேயரின் ‘காமரா’ உருதுவில் ‘கம்ரா’ என்றாயிற்று; அங்கு மகரமும் ரகரமும் அடுத்தடுத்து நிற்கத் தடையில்லை. தமிழில் மகரமெய்க்குப் பின் ரகரம் மயங்காது, பகரம் மயங்கும். எனவே இடையில் பகரம் தோன்றிக் ‘காம்பரா’ பிறந்தது. இலத்தீன் ‘காமெரா’ பிரெஞ்சில் ‘ஷாம்ப்ர்’ ஆனபோது தோன்றியதும் இதே இதழொலியே. பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடியான அந்த லயக் காம்பராவின் பெயரில், பாரிசில் நிகழ்ந்த அதே ஒலியியல் நிகழ்ச்சி பதிந்துள்ளது.

எனினும், எல்லா விதிகளும் ஒரே அளவில் நிலைத்தன எனல் பொருந்தாது. வடசொல்லின் லகர முதலுக்கு முன் இகரமோ உகரமோ பெறுமென்பது நன்னூல் நெறி. ஆயின் ‘லயம்’ அவ்வாறு பெறவில்லை. இதனாலும் அது பிழையாகாது. சகரம் அகரத்தோடு மொழிமுதலில் வாராதெனத் தொல்காப்பியத்தின் பெருவழக்கான பாடம் கூற, நன்னூல் அத்தடையைக் கைவிட்டது. மொழிமுதல் விதி காலந்தோறும் தளர்ந்து வந்துள்ளது. மொழியிறுதி விதியும் மெய்ம்மயக்க விதியும் பேச்சில் உறுதியாக நிற்கின்றன. இவ்வேறுபாட்டைக் காட்டுவதே மலையகச் சொற்களின் வரலாற்றுப் பெறுமதியாகும்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவர்களது பேச்சைக் கொச்சையென்பது மொழியிலும் அவர்களை அந்நியராக்கும் செயலாகும். இலக்கணம் கற்க வாய்ப்பளிக்கப்படாத உழைப்பாளரின் நாவிலேயே தமிழின் ஒலியிலக்கணம் உயிரோடு இயங்கியது. அதனைப் பதிவு செய்து ஆராய்வது தமிழாய்வின் கடன்.